உழவனும் நெல்லும்

ஞாயிற்றுக்கிழமைகளிற் பிற்பகல் மூன்று மணியளவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்து முன்னூற்றிநான்கு விளையாடுவது இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிலவிவந்த வழக்கம். நால்வரும் 2000ஆம் ஆண்டில் ஒரே அகதிகள் விடுதியில், ஒரே அறையில், இரட்டைத் தட்டுக் கட்டில்களிற் படுத்தெழும்பியவர்கள். வதிவிட அனுமதி வருமா வராதா என்று காத்திருந்த அந்நாட்களில் கையில் வேலையில்லை; வாயில் மொழியில்லை; வெளியே முழங்கால் மட்டும் பனி. அறையிலிருந்த பொதுச்சொத்து, எமக்கு முன் அங்கே தங்கிப்போன எவரோ விட்டுச்சென்ற ஒரு கடதாசிக்கட்டு மட்டுமே. அதில் இரண்டு முதல் ஆறு வரையானவற்றைக் கழித்துவிட்டு எஞ்சிய முப்பத்திரண்டையும் தேய்ந்து பிரியும்வரை விளையாடித் தீர்த்தோம். விசாரணைக்குப் போய்வந்தவனிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. வந்தவன் மேசையிலிருந்தால் கடதாசி பரிமாறப்படும். அவ்வளவுதான்.

எங்களில் ஒருவர் கனடாவிலுள்ள மகளுடன் போய்ச் சேர்ந்தார். இன்னொருவர் சென்ற மாரியிற் காலமானார். எஞ்சியவர் இருவர். இருவரைக் கொண்டு முன்னூற்றிநான்கு விளையாடுவது உப்பில்லாக் கஞ்சி குடிப்பதற்கு ஒப்பானது. வீட்டிலே வளர்ந்த பிள்ளைகள் இருவர் இருக்கின்றனரே, அவர்களை அழைத்தாலென்ன என்று மனைவி கேட்டார். அழைத்தேன். "எங்களுக்குத் தெரியாதே அப்பா, நீங்கள் ஒருநாளும் சொல்லித்தரேல்லையே" என்றான் மூத்தவன்.

அவன் சொன்னது உண்மை. ஊரிலே ஆசிரியனாயிருந்த காலத்தில், பின்வாங்கில் இருந்து கடதாசி விளையாடிய மாணவரிடமிருந்து மூன்று கட்டுகளைப் பறித்து மேசை லாச்சியிற் பூட்டி வைத்தவன் நான். திருக்குறளின் தொண்ணூற்றுநான்காம் அதிகாரத்தைப் பலகையில் எழுதி, நளன் கதையையும் தருமர் கதையையும் ஒரே மூச்சிற் சொல்லி முடித்தவன். சூது வேறு, விளையாட்டு வேறு என்ற வேறுபாட்டை அன்று நான் விளக்கவில்லை. மாலையில் வாசிகசாலைத் திண்ணையிலே நானே வீரனைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டேன் என்பதையும் மாணவருக்குச் சொல்லவில்லை. இங்கு வந்தபின்னரும் பிள்ளைகள் முன் விளையாடினேனே அன்றி, அவர்களைப் பக்கத்தில் இருத்திக் கற்பித்தேனில்லை.

இப்படியிருக்கையில்தான் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் முன், அந்த மூதாட்டி என்னிடம் பேச்சுக்கொடுத்தார். பேர்ணின் மேற்குப் பகுதியிலே தொடர்மாடிகளில் வாழும் எங்கள் குடும்பங்கள் அனைத்துக்கும் அந்தத் தோய்க்கும் அறையின் முறைப்பட்டியல் பழக்கமானதே. அயலவருடன் பேச்சு ஏற்படுவதும் சண்டை ஏற்படுவதும் பெரும்பாலும் அங்கேதான். அன்று அவர் முறைப்பட்டியலைப் பற்றிப் பேசவில்லை. "ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டில் மேசையைத் தட்டும் ஓசை கேட்குமே, இப்போது கேட்பதில்லை. நீங்கள் யாஸ் விளையாடுவதில்லையா?" என்று கேட்டார். முன்னர் எங்கள் ஓசைக்காக அவர் முறைப்பாடு செய்யாதிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய மேசையிலும் ஒருவர் இறந்துபோயிருந்தார். நான்காவது கை அவருக்கும் தேவைப்பட்டது.

யாஸ் என்பது சுவிற்சர்லாந்தின் தேசியக் கடதாசி விளையாட்டு. தொலைக்காட்சியிலே சனிக்கிழமைகளில் இதற்கெனத் தனி நிகழ்ச்சி பல்லாண்டுகளாக ஒளிபரப்பானது. கோடைகாலத்து வியாழக்கிழமைகளிலோ, ஊருக்கு ஊர் போட்டி வைத்து, வென்ற ஊரிலே அடுத்த நிகழ்ச்சியை நடத்துவார்கள். எங்கள் வீடுகளில் அந்நேரத்தில் வேறு அலைவரிசை ஓடும். இருபத்தைந்து ஆண்டுகள் இந்நாட்டில் இருந்தும் அதனை ஒருமுறையேனும் நான் அமர்ந்து பார்த்ததில்லை.

முதலில் எங்கள் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்குத் தெரிந்தது பிள்ளைகளுக்குத் தெரியாதென்பதை என் வீட்டிலேயே கண்டுவிட்டேன். முப்பத்திரண்டு கடதாசி, எதிரெதிரே இருப்பவர் கூட்டு. ஆளுக்கு நான்கு கடதாசி பரிமாறியதும் கேள்வி தொடங்கும். குறைந்த கேள்வி 160. கூடக் கேட்டவர் தம் துரும்பை ஒருவருக்குங் காட்டாமல் மேசையிற் கவிழ்த்து வைப்பார். பின்னர் மேலும் நான்கு கடதாசிகள். இறங்கிய இனம் கையில் இல்லாதவர் தம் கடதாசியைக் கவிழ்த்துப் போடுவார். துரும்பு கேட்டவர் அதனைப் புரட்டிப் பார்த்து, துரும்பாயின் வெளிப்படுத்துவார். வீரன் எனப்படும் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுங்கை. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் 304. விளையாட்டின் பெயரே அதன் கணக்கு.

ராசாவையும் ராணியையும் ஆசையும் விட்டுவிட்டு, ஒரு ஜாக்கும் ஓர் ஒன்பதும் தலைமையிடத்தில் இருப்பது ஏன்? சிறுவயதில் இதனை நான் கேட்டதுண்டு. "அது அப்பிடித்தான், நீ கடதாசியைப் போடு" என்பதே கிடைத்த விடை.

மூதாட்டியின் வீட்டில் பச்சை நிறக் கம்பளித்துணி விரித்த மேசை. ஒரு கரும்பலகைத் துண்டு, ஒரு சோக்குக்கட்டி. யாஸ் கட்டில் முப்பத்தாறு கடதாசிகள், ஆறு முதல் ஆசு வரை. மும்மூன்றாகப் பரிமாற ஆளுக்கு ஒன்பது கிடைக்கும். பரிமாறுதலும் ஆட்டமும் வலப்பக்கமாகவே சுற்றுகின்றன. இங்கு மற்ற எந்த விளையாட்டும் இடப்பக்கமாகச் சுற்றுவதைக் கண்டு பழகிய எனக்கு அதுவே முதலில் ஊர் நினைவைத் தந்தது. இனி, அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "துரும்பு இனத்திலே எல்லாவற்றுக்கும் மேல் பூர். பூர் என்றால் உழவன். அவனுக்கு 20. அடுத்தது ஒன்பது. அதன் பெயர் நெல். அதற்கு 14."

நான் சிரித்துவிட்டேன். அவர் விளங்காமற் பார்த்தார். எங்கள் மொழியில் நெல் என்றால் இன்னதென்று சொன்னேன். உழவனுக்கு அடுத்தபடி நெல்லா என்று அவரும் சிரித்தார். பக்கத்திலிருந்த அவருடைய தோழியோ, கடதாசியைத் தந்தால் நல்லது என்பதுபோல் மேசையை விரலாற் தட்டினார்.

யாஸ் விளையாட்டில் எத்தனையோ வகைகள் உண்டு. பரவலாக விளையாடப்படுவது ஷீபர். தள்ளுதல் என்று பொருள். கேள்வி கேட்டல் இதில் இல்லை. முறைக்காரர் தம் ஒன்பது கடதாசியையும் பார்த்துத் துரும்பைச் சொல்வார். மனமில்லையாயின் எதிரேயிருக்கும் கூட்டாளியிடம் "தள்ளி"விடலாம். தள்ளப்பட்டவர் சொல்லியே தீரவேண்டும். துரும்பே வேண்டாம், மேலிருந்து கீழ் என்றோ கீழிருந்து மேல் என்றோ சொல்லவும் இடமுண்டு. பின்னதில் ஆறுதான் ராசா. இறங்கிய இனம் கையிலிருந்தால் அதையே போடவேண்டும், ஆயினும் துரும்பால் வெட்டுவதற்கு எப்போதும் அனுமதியுண்டு. ஒருவர் வெட்டியபின் அதனிற் சிறிய துரும்பாற் கீழ்வெட்டக்கூடாது. துரும்பு இறங்கும்போது கையில் உழவன் மட்டுமே துரும்பாக இருந்தால் அவனைப் போடவேண்டிய கட்டாயமில்லை. "உழவன் எவனுக்கும் பணியமாட்டான்" என்றார் மூதாட்டி.

புள்ளிகளில் துரும்பு இனத்தின் ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 4, ராணிக்கு 3. உழவனும் நெல்லும் சேர 62. மற்ற இனங்களிலோ உழவன் வெறும் 2 புள்ளிக்காரன்; ஒன்பதுக்கு மதிப்பேயில்லை. ஓர் இனத்துக்கு 30 வீதம் மூன்றுக்கும் 90. ஆக 152. கடைசிக் கையைப் பிடித்தவருக்கு மேலதிகம் 5, மொத்தம் 157. ஒன்பது கையும் ஒரு பக்கத்துக்கே போனால் மேலும் 100. இவற்றுக்கு அப்பால், தொடராக மூன்று கடதாசி ஒரே இனத்தில் வைத்திருப்பவர் 20 கோரலாம். நான்காயின் 50, ஐந்தாயின் 100. நான்கு ஒன்பதுகளுக்கு 150, நான்கு உழவருக்கு 200. துரும்பு ராசாவும் ராணியும் ஒரே கையில் அமைந்தால் 20. பெரும்பாலும் ஆயிரத்தை முதலில் எட்டிய பக்கம் வெல்லும். எந்த இனத்துக்கு இரட்டிப்பு, எதற்கு மும்மடங்கு என்பதெல்லாம் மேசைக்கு மேசை மாறும். உட்காருமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் விட்ட தவறைச் சொல்கிறேன். முன்னூற்றிநான்கு தெரிந்த ஒவ்வொருவரும் இதே தவறை விடுவர். முதல் நாள், ஹார்ட்ஸ் துரும்பு. என் கையில் ஸ்பேட்ஸ் வீரன். எங்கள் கணக்கில் ஸ்பேட்ஸ் இனத்துக்கே தலைவன், 30 புள்ளி. மிடுக்காக இறக்கினேன். வலப்பக்கத்தவர் ராணியைப் போட்டார். என் கூட்டாளியான மூதாட்டியின் கையிலிருந்த ஒரேயொரு ஸ்பேட்ஸ் பத்து. போடுவதைத் தவிர வழியில்லை. இடப்பக்கத்தவர் ஆசைப் போட்டு நான்கையும் வாரிக்கொண்டார். இரண்டும் மூன்றும் பத்தும் பதினொன்றும் இருபத்தாறு. யாசில் துரும்பல்லாத இனங்களில் ஆசு, ராசா, ராணி, வீரன், பிறகே பத்து என்பது ஒழுங்கு. எல்லா இனத்திலும் வீரன் வீரனே என்பது முன்னூற்றிநான்கு. துரும்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனத்தில் மட்டும் உழவன் தலைவனாவான் என்பது யாஸ். மூதாட்டி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அயலவர் என்ற மரியாதையால் வரும் போலிப் புன்னகை அதில் இல்லை. உண்மையில் அது எனக்கு ஒரு நிம்மதியைத் தந்தது. இந்நாட்டிலே என்மேல் ஒருவர் இவ்வளவு வெளிப்படையாகச் சினந்தது அதுவே முதல்முறை. கந்தோர்களில் எல்லாரும் தணிந்த குரலிலேயே இல்லையென்று சொல்வார்கள்.

இரண்டாம் வாரம் கணக்கெழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பலகையிலே பெரிய "இசட்" வடிவக் கோடு போடப்பட்டிருக்கும். மேற்கோட்டில் ஒவ்வொரு குறியும் நூறு, சரிவுக்கோட்டில் ஐம்பது, கீழ்க்கோட்டில் இருபது. மிச்சத்தை இலக்கத்தில் எழுதவேண்டும். இங்குள்ள தமிழ்ப் பாடசாலையில் வெள்ளைப் பலகையும் மைப்பேனாவும்தான். சோக்குக்கட்டியைப் பிடித்துப் பல்லாண்டுகள். எழுதி முடித்தபின் விரல்களை வேட்டியிற் துடைக்கும் பழைய பழக்கத்தில் காற்சட்டையிற் துடைத்தேன்.

பேர்ணில் யாசுக்குப் பயன்படுவது நமக்குத் தெரிந்த ஹார்ட்ஸ், டயமன், ஸ்பேட்ஸ், கிளாவர் படங்கள்கொண்ட பிரெஞ்சுக் கட்டு. சூரிச்சுக்கும் கிழக்குச் சுவிசுக்கும் குடிபெயர்ந்த உறவினர் வீட்டில் வேறு கட்டைக் கண்டு திகைக்க வேண்டாம். அங்கே மணி, கேடயம், ரோசாப்பூ, ஓக் மரக்காய் என்பன நான்கு இனங்கள், ராணிக்கு இடமேயில்லை. புறூனிக் கணவாய், நாப் மலை, றொய்ஸ் ஆறு ஆகியவற்றைத் தொட்டு ஓடும் ஒரு கற்பனைக் கோடு இரு கட்டுகளையும் பிரிக்கிறது. ஒரே ஜேர்மன் மொழி பேசும் மக்களிடையே இப்படியொரு எல்லை! நாமோ இரண்டு ஊர்களுக்கிடையே பேச்சு வேறுபடுவதையே பெரிதாகப் பேசிக்கொள்கிறோம்.

இனி, வீரனும் உழவனும் எவ்வாறு உறவினராயினர் என்பதற்கு வருவோம். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி 1795வரை அங்கே ஆண்டனர். கந்தோர், லாச்சி, வங்குறோத்து ஆகிய சொற்களை எமக்கு விட்டுச்சென்றவர்கள் அவர்களே. கடதாசி இனங்களுக்கு எங்கள் ஊரிலே வழங்கிய பெயர்களை எண்ணிப்பாருங்கள்: ஆடுதன், கலாவரை, இஸ்கோப்பன், உறுவிதன். ஊருக்கு ஊர் ஒலிப்பு சற்று மாறும். ஒல்லாந்த மொழியிலே ஹார்ட்டன், கிளாவர், ஸ்கொப்பன், றெய்ட்டன். ஜாக்கையும் ஒன்பதையும் தலையில் வைக்கும் விளையாட்டுக் குடும்பம் ஒல்லாந்திலிருந்து பரவியதென்றே விளையாட்டு வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். அங்கே இன்றும் விளையாடப்படும் கிளாவர்யாஸ் என்பதில் துரும்பு ஜாக்கின் பெயர் யாஸ். துரும்பு ஒன்பதின் பெயர் நெல். இதே குடும்பத்தின் வேறு சில கிளைகளில் அந்த ஒன்பதை மெனெல் என்பர். எங்கள் ஊரிலே ஒன்பதை நாங்கள் மணல் என்றோம். கடற்கரை மணலுக்கும் இதற்கும் என்ன தொடர்பென்று நாற்பது ஆண்டுகளாக விளங்காதிருந்த எனக்கு, தொடர்பே இல்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. இதை அறுதியிட்டு நிறுவும் ஆற்றல் எனக்கில்லை. மொழியியல் கற்றவர்கள் பார்க்கட்டும்.

சுவிசுக்கு இவ்விளையாட்டு வந்தது ஒல்லாந்துச் சேவையிலிருந்த கூலிப்படையினர் வழியாக என்பது பரவலான கருத்து. பேர்ண் குடியரசே அக்காலத்தில் ஒல்லாந்துக்குப் படைப்பிரிவுகளை வழங்கிவந்தது. யாஸ் என்ற பெயர் இந்நாட்டுப் பதிவுகளில் முதன்முதல் தென்படுவது 1796இல், ஷப்ஹவுசன் மாநிலத்தில். அந்த ஆண்டை நம்மவர் கவனிக்கவேண்டும். நொய்சத்தல் நகரத்துச் சார்ள்ஸ் டானியேல் டெ மெறோன் என்பவர் 1781இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பனிக்காகத் திரட்டிய சுவிஸ் படைப்பிரிவு இலங்கையில் நிலைகொண்டிருந்தது. 1795இல் அது ஆங்கிலேயர் பக்கம் மாறியது. பலம் குன்றிய ஒல்லாந்தர் 1796 பெப்ரவரியிற் கொழும்பைக் கையளித்தனர். சுவிஸ் சிப்பாய்கள் கொழும்புக் கோட்டையின் நிழலில் எந்தக் கடதாசியை இறக்கினார்கள் என்பதற்குச் சான்று காட்ட முடியாது. எனினும், இங்கிருந்து போன ஏழைப் பையன்கள் கூலிக்காக எங்கள் கடற்கரையிற் காவல் நின்றார்கள் என்பது வரலாறு. மூதாட்டியிடம் இதனைச் சொன்னபோது, "அப்படியானால் நாங்களும் உங்கள் நாட்டுக்கு வேலை தேடி வந்தவர்கள்தான்" என்றார்.

கடதாசி விளையாட்டைக் கண்டிப்பதிலும் இந்நகரம் முன்னோடிதான். 1367இல் பேர்ண் நகரம் கடதாசி விளையாட்டைத் தடைசெய்ததாக ஒரு செய்தி உண்டு. பிற்காலப் பிரதியொன்றின் வழியாகவே அது கிடைத்துள்ளபோதும், ஐரோப்பாவில் கடதாசிபற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. லாச்சியிற் பூட்டிவைத்த நான் தனியனல்லேன்.

நிற்க. இவ்வளவையும் எழுதத் தூண்டியது வேறொரு நிகழ்வு. முன்னர் என்னிடம் தமிழ் படித்த ஒரு பையனின் தாயார், சென்ற ஆண்டு ஒருநாள் இரவு பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டினார். அவர் சீட்டு நடத்துபவர். இருபது குடும்பங்கள், மாதம் ஐந்நூறு பிராங் வீதம். "சேர், சீட்டுக் காசிலை நாலாயிரம் குறையுது. இவன்தான் எடுத்திருக்கிறான். தேப்பனுக்குத் தெரிஞ்சால் வீடு ரெண்டாகும். நீங்கள் ஒருக்கால் அவனோடை கதையுங்கோ." பையன் கைத்தொலைபேசியிற் போக்கர் விளையாடியிருக்கிறான். சீட்டுக் காசு சீட்டிற் போனது என்று ஊரிலாயின் ஒரு வரியிற் சொல்லிச் சிரித்திருப்பார்கள். இருபது குடும்பங்களில் ஒன்று மகளின் சாமத்திய வீட்டுக்காக அந்த மாதச் சீட்டை எடுத்திருந்தது.

பையனை அழைத்து அதிகாரம் தொண்ணூற்றுநான்கைச் சொல்ல வாயெடுத்தேன். ஏனோ வரவில்லை. "எனக்குப் போக்கர் சொல்லித்தா" என்றேன். அவன் நம்பவில்லை. பிறகு கட்டை எடுத்தான்.

அவன் கற்பித்தபடி எழுதுகிறேன். ஐம்பத்திரண்டு கடதாசியும் வேண்டும். ஆளுக்கு இரண்டு கடதாசி கவிழ்த்துத் தரப்படும். நடுவில் ஐந்து கடதாசி திறந்து வைக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. கையிலுள்ள இரண்டையும் நடுவிலுள்ள ஐந்தையும் சேர்த்து எவர் சிறந்த ஐந்தை அமைக்கிறாரோ அவருக்கே பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், பிறர் வைத்ததற்கு ஈடுகொடுக்கலாம், அதனை ஏற்றலாம், அல்லது மடித்துவிட்டு விலகலாம். தனிப் பெரியதினும் சோடி பெரிது. அடுத்து இரு சோடி, மூன்று ஒத்தவை, தொடர் ஐந்து, ஒரே இனத்து ஐந்து, மூன்றும் இரண்டும் சேர்ந்தது, நான்கு ஒத்தவை, ஒரே இனத்திற் தொடர் ஐந்து. ஐம்பத்திரண்டிலிருந்து ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள் உண்டு. அவற்றில் மிக உயர்ந்ததான ஒரே இனத்துப் பத்து முதல் ஆசு வரை அமைவது நான்கே நான்கு வழிகளில். இந்தக் கணக்கைப் பையன் மனப்பாடமாகச் சொன்னான். பாடசாலையிற் கணிதத்தில் வல்லவன்.

இதிலே வீரனுக்கும் மணலுக்கும் எந்தச் சிறப்புமில்லை. அதைவிட முக்கியமாக, எதிரே கூட்டாளி இல்லை. கடதாசி மோசமாயிருந்தாலும் பந்தயத்தை ஏற்றி மற்றவரை அஞ்சி மடிக்கச் செய்வது விளையாட்டின் உயிர். அதற்குப் பணம் வேண்டும். பணமில்லாப் போக்கரில் எவரும் மடிக்கமாட்டார், எவரும் அஞ்சமாட்டார். முன்னூற்றிநான்கில் தோற்றால் அன்று மாலை கேலிக்கு ஆளாவோம், அவ்வளவே. போக்கரில் புள்ளிதான் பணம், பணந்தான் புள்ளி. அன்றியும், ஒவ்வொரு பந்தயத் தொகையிலிருந்தும் நடத்துபவர் தமக்கென ஒரு சிறு பங்கை எடுக்கிறார். சம திறமையுள்ள பலர் நெடுநேரம் விளையாடினால் எல்லாருமே சிறிது சிறிதாக இழப்பர். "இதைத் தெரிந்துதான் விளையாடினாயா?" என்றேன். "தெரியும் சேர். நான் மற்ற ஆக்களைவிடக் கெட்டிக்காரன் எண்டு நினைச்சன்" என்றான்.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சில சட்டச் செய்திகள் உண்டு. 1874ஆம் ஆண்டு அரசியலமைப்பு சூதாட்ட விடுதிகளைத் தடைசெய்திருந்தது. 1993இல் மக்கள் வாக்கெடுப்பு அதனை நீக்கியது. 2018 ஜூனில் மக்கள் ஏற்றுக்கொண்ட புதிய பணவிளையாட்டுச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, மாநில அனுமதியுடன் விடுதிகளுக்கு வெளியேயும் சிறு போக்கர் போட்டிகள் நடத்தலாம். ஒரு போட்டிக்கு ஒருவர் செலுத்தக்கூடியது ஆகக்கூடியது 200 பிராங். இணையவழி விளையாட்டுக்கு உரிமம் பெற்ற சுவிஸ் விடுதிகளுக்கே அனுமதி. கடனில் மூழ்கியவர் எனத் தெரிந்தால் விடுதி அவரைத் தடைசெய்தே ஆகவேண்டும். ஒருவர் தாமாகவும் தம்மைத் தடைசெய்விக்கலாம். ஸ்பீல்ஸ்பெற எனப்படும் இத்தடை நாட்டிலுள்ள எல்லா விடுதிகளுக்கும் இணையத்துக்கும் ஒருசேரப் பொருந்தும். குடும்பத்தவரும் விடுதிக்கு அறிவிக்கலாம். பேர்ண் மாநிலத்தில் பேர்ணர் கெசுண்ட்ஹைற் என்ற அறக்கட்டளை இத்தகைய குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்குகிறது. சூதாலும் பந்தயத்தாலும் கடன் உரிமை பிறவாது என்பது கடப்பாட்டுச் சட்டத்தின் 513ஆம் பிரிவு. உரிமம் பெற்ற விடுதிகளுக்கு விலக்குண்டு. ஆகவே, தனிவீட்டில் விளையாடித் தோற்ற பணத்துக்காக எவரேனும் பிள்ளையை மிரட்டினால் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் சீட்டுக் காசு அப்படியன்று. அது இருபது குடும்பங்கள் நம்பித் தந்த பணம். அதற்கு எந்தப் பிரிவையும் காட்டித் தப்ப முடியாது. தப்பவும் கூடாது.

தகப்பனுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்றேன். தாயார் மறுத்தார். இரண்டு வாரம் கழிந்தபின் பையனே சொன்னான். வீடு இரண்டாகவில்லை, மூன்று மாதம் தகப்பன் அவனோடு பேசவில்லை. குடும்பத்தின் சேமிப்பிலிருந்து சீட்டு நிரப்பப்பட்டது. பையன் தடைப்படிவத்தை நிரப்பித் தானே கையொப்பமிட்டான். வேலைத்தலச் சம்பளத்திலிருந்து மாதம் இருநூறு பிராங் வீதம் வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கிறான். இன்னும் கொடுத்து முடியவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று தாயார் சொன்னார். நண்பர்கள் அனைவரும் அந்த வட்டத்தவரே. மூதாட்டியின் தோழிக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்த மாதம் அது. மேசையில் மீண்டும் ஒரு கதிரை வெறுமையாயிருந்தது. பணம் வைத்து விளையாடுவதில்லை என்பதை மூதாட்டியிடம் முதலிலே உறுதிப்படுத்திக்கொண்டேன். தோற்ற பக்கம் அடுத்த வாரக் கேக் வாங்கவேண்டும் என்பது அந்த மேசையின் ஒரே பந்தயம். கடதாசிக் கட்டையே அவன் கையில் மறுபடியும் கொடுப்பதா என்று என் மனைவி கேட்டார். கள் விட்டவனைக் கள்ளுக்கடையிற் கொண்டுபோய் இருத்தும் செயலா இது என்று எனக்கும் அச்சம் இருந்தது. இப்போதும் முற்றாக நீங்கவில்லை. வேறொரு பிள்ளையாயின் கடதாசியைத் தொடவே விடாதிருப்பது நன்றாயிருக்கலாம். இவனுக்குத் தனிமைதான் கூடப் பொல்லாதது என்று பட்டது.

அவன் வந்தான். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எஞ்சிய நண்பரும் வந்திருந்தார். அவரும் நானும் ஒரு பக்கம், மூதாட்டியும் பையனும் மறுபக்கம். பேர்ண் பேச்சுமொழியில் அவன் மூதாட்டியுடன் சரளமாகப் பேசியதில் எனக்குச் சற்றுப் பொறாமை. இருபத்தைந்து ஆண்டுகளில் நான் கற்காத வேகம். கடதாசியை நெஞ்சோடு சேர்த்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், எவரையும் பாராமல் இருந்தான். இரண்டு கை போனபின் மூதாட்டி தம் கடதாசியை மேசையிற் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, நீ யாரிடமிருந்து ஒளிக்கிறாய்? நான் உன் பக்கம். நான் எதை இறக்குகிறேன் என்று பார், நீ எதை இறக்கவேண்டும் என்பது தெரியும்."

அவன் கடதாசியைச் சற்றுக் கீழிறக்கினான். அடுத்த முறை துரும்பு சொல்லவேண்டியவன் அவன். ஒன்பது கடதாசியையும் இருமுறை பார்த்தான். பிறகு எதிரே பார்த்து "தள்ளுகிறேன்" என்றான். மூதாட்டி உடனே ஸ்பேட்ஸ் என்றார். அவர் கையில் உழவன், பையனின் கையில் நெல். அந்தச் சனிக்கிழமை நூற்றுஐம்பத்தேழும் நூறும் அவர்கள் பக்கம் போயின. பலகையில் எழுதியவன் நான். கேக் எங்கள் பொறுப்பு.